குருவியின் பேரைக் கடித்த நரி

என் மூத்த மகளுக்குப் பால்பல் விழுந்த வருஷம், ஆஸ்பத்திரியில் எனக்குப் பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த சலேத்மேரி அக்காதான் இந்தக் கதையை எனக்கு முதலில் சொன்னார். அவர் சொன்னபடியே சொல்கிறேன், கேளுங்கள் கண்ணுகளா.

ஒரு காட்டில், ஏரிக்கரையில், ஒரு குருவி இருந்தது. மரத்தில் கூடு கட்டாத குருவி அது. வெறும் தரையில், கூழாங்கற்களுக்கு நடுவே முட்டையிடும். அதனால் அதற்குச் சரியான தூக்கமே கிடையாது. அந்நியக் காலடி கேட்டால் போதும், மேலே எழும்பிக் கத்தித் தீர்த்துவிடும். மான் ஓடித் தப்பும், முயல் பதுங்கித் தப்பும். வருகிற ஆளைக் காட்டிக் கொடுத்துக் காப்பாற்றியதால், விலங்குகளே அதற்கு 'ஆள்காட்டி' என்று பேர் வைத்தன.

அப்போது அது மரியாதையான பேர். "ஆள்காட்டி இருக்கா, நீ பயப்படாம தூங்குடி" என்றுதான் முயல் தன் குட்டியைத் தட்டிக்கொடுக்கும்.

நரிக்குத்தான் வயிறு எரிந்தது. முயலின் புதர்ப் பக்கம் எப்போது பதுங்கி வந்தாலும் ஆள்காட்டி கத்திவிடும். உடனே காட்டுப்பன்றி கோரைப்பல்லோடு பாய்ந்து வரும். பறக்கிற குருவியை நரியால் கடிக்க முடியுமா? அதன் பேரைக் கடித்தது.

ஒருநாள் பட்டப்பகலில், பதுங்காமல், நல்ல பிள்ளை போலக் குட்டிகள் விளையாடும் இடத்துக்குப் போனது. அங்கே அணில்பிள்ளையின் நாவல்பழத்தைக் குரங்குக்குட்டி பிடுங்கியிருந்தது. அணில்பிள்ளை அழுதுகொண்டே ஓடியது.

"அய்யய்யே! அம்மாகிட்டப் போய்ச் சொல்லப் போறியா?" என்று நரி வாயைக் கோணியது. "சரியான ஆள்காட்டிடா நீ!"

குட்டிகள் விழுந்து விழுந்து சிரித்தன. அணில்பிள்ளை பாதி வழியில் நின்றுவிட்டது.

அதற்குப் பிறகு அந்தக் காட்டில் கோள் சொன்னாலும் ஆள்காட்டி, நியாயம் கேட்டாலும் ஆள்காட்டி. பெரியவர்களும் பிடித்துக்கொண்டார்கள். "ஆள்காட்டி வருது, பேச்சை நிறுத்துங்க" என்று தண்ணீர்த்துறையில் மான் சொல்ல, முயல் வாய்விட்டுச் சிரித்தது.

குருவி முயலின் முன்னால் வந்து இறங்கியது.

"ஏன் முயலக்கா, உன் பிள்ளைக்காகத்தானே ராவும் பகலும் தொண்டை கிழியக் கத்துறேன்? நீயுமா?"

"அட, சின்னதுங்க விளையாட்டுக்குச் சொல்லுதுங்க. வெறும் வார்த்தைதானே! இதுக்குப் போய் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு..."

"வெறும் வார்த்தையா? அதை வசையா மாத்தினது யாருன்னு கேட்டியா?"

முயல் புல்லைக் கொறித்துக்கொண்டே போய்விட்டது.

ஒருநாள் குருவி ஏரியின் அக்கரையில் குஞ்சுகளோடு இருந்தது. முயல் மேயப் போயிருந்தது. நரி நேராகப் புதருக்கு வந்தது. ஓரமாய் நின்ற மான்குட்டி அதைப் பார்த்துவிட்டது. குரல் கொடுக்க வாயைத் திறந்தது.

"என்ன, சொல்லப் போறியா?" நரி இளித்தது. "நீயும் ஆள்காட்டியா?"

"நான் ஒண்ணும் ஆள்காட்டி இல்லை" என்றது மான்குட்டி. வாயை இறுக மூடிக்கொண்டது.

நரி புதருக்குள் நுழைந்தது. வெளியே வந்தபோது அதன் வாயில் முயல்குட்டி இருந்தது.

முயலின் அலறல் கேட்டு எல்லாரும் கூடிவிட்டார்கள். குருவியும் பறந்து வந்தது.

"யாருமே பார்க்கலையா? ஒருத்தர்கூடவா பார்க்கலை?" முயல் தரையில் புரண்டது.

மான்குட்டி முன்னால் வந்தது. "நான் பார்த்தேன், சித்தி."

"பார்த்தியா? பாவி, ஒரு சத்தம் போட்டிருக்கக் கூடாதா? பன்றி மாமா பக்கத்துலதானே இருந்தார்!"

"சத்தம் போட்டா ஆள்காட்டின்னு சிரிப்பீங்களே, சித்தி."

முயல் கையை ஓங்கியது. குருவி குறுக்கே பாய்ந்தது.

"அது மேல கை வைக்காதே! அதோட வாயை நரி மட்டுமா அடைச்சுது? தண்ணித்துறையில கூடி நின்னு சிரிச்சீங்களே, நீங்க எல்லாரும் சேர்ந்துதான் அடைச்சீங்க!"

காடே அதிர்ந்தது. ஓங்கிய கை அப்படியே நின்றது. முயலால் குருவியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

நீதி: தீமையைக் கண்டு சொல்பவரை இழிவாக்கும் சொல், தீயவனுக்குக் காவல் நிற்கும்.

கண்ணுகளா, "வீட்டில் சொல்லாதே" என்று யாராவது உங்களிடம் சொல்லியிருந்தால், அதை இன்றைக்கே அம்மாவிடம் சொல்லிவிடுங்கள்.