பள்ளத்துக்கு மண் எடுத்த கூத்தன்

முன்னொரு காலத்தில், பெயர் சொன்னால் இன்று யாருக்கும் அடையாளம் தெரியாத ஒரு நாட்டைக் கடம்பவர்மர் என்ற மன்னர் ஆண்டார். முதலமைச்சரை மட்டும் ஊரார் ஓலையிட்டுத் தேர்ந்தெடுப்பது அந்நாட்டு வழக்கம். அந்த ஆண்டு வாமதேவர், இளநாகர் என்ற இருவர் அப்பதவிக்கு நின்றார்கள்.

ஓலையிடும் நாள் நெருங்கியபோது தலைநகரின் பொன்மனை ஒரு காலையில் கதவைத் திறக்கவில்லை. நெசவாளர் கூலி, மீனவர் சேமிப்பு, படைவீரர் சம்பளம் எல்லாம் வட்டிக்கு இருந்த இடம் அது. "உள்ளே ஒன்றும் இல்லை" என்று காவலாளி சொன்னதும் தெருவில் நின்ற கூட்டம் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டது.

பொன்மனைத் தலைவர் நிதிபாலர் அரண்மனைக்கு ஓடினார். "மன்னா, பொன்மனையில் பெரும்பள்ளம் விழுந்துவிட்டது. கருவூலத்தைத் திறந்து நிரப்ப வேண்டும். இல்லையேல் நாடே அதில் விழும்" என்றார்.

மன்னர் திகைத்துப்போய், பதவிக்கு நிற்பவர்களைப் பார்த்தார்.

"கேட்டதைக் கேட்டபடி கொடுத்துவிடுவதே அறிவு" என்றார் வாமதேவர்.

"ஒரு காசும் தரலாகாது. பொன்மனையை இடித்துத் தரைமட்டமாக்குவோம்" என்றார் இளநாகர். சாளரத்துக்கு வெளியே கூட்டம் முணுமுணுப்பது கேட்டதும் குரலை இறக்கி, "கொஞ்சம் கொடுத்துவிட்டு இடிக்கலாம்" என்றார். இதைக் கேட்ட வாமதேவரும், "கொஞ்சம் இடித்துவிட்டுக் கொடுப்பதிலும் தவறில்லை" என்றார்.

தூணோரம் நின்ற விகடகவி கூத்தன் சிரித்துவிட்டான்.

"சிரிப்புக்குக் காரணம்?" என்றார் மன்னர்.

"ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்று என்கிறார் ஒருவர். குடத்தை உடை என்கிறார் மற்றவர். இருந்த தண்ணீரைக் குடித்தது யார் என்று இருவருமே கேட்கவில்லையே, மன்னா."

இருவர் முகமும் கறுத்தது. மன்னர் எதற்கெடுத்தாலும் கூத்தனைக் கேட்பது அவர்களுக்கு நெடுநாளாக உறுத்தல். "அப்படியானால் பள்ளத்தைக் கூத்தனே நிரப்பட்டும்" என்றார் வாமதேவர். "கருவூலத்தைத் தொடாமல், புதுவரி போடாமல்" என்று சேர்த்தார் இளநாகர்.

எரிச்சலில் இருந்த மன்னருக்கு அது நியாயமாகவே பட்டது. "நாளை சூரியன் மறைவதற்குள் பொன்மனைப் பள்ளத்தை நிரப்பு, கூத்தா. முடியாவிட்டால் குடும்பத்தோடு நாட்டை விட்டுப் போ."

மகள் கல்யாணத்துக்குக் கூத்தன் சேர்த்ததும் அந்தப் பொன்மனையில்தான் இருந்தது. வீட்டுக்குப் போக மனமில்லாமல் பொன்மனை வாசலுக்குப் போனான். மூடிய கதவில் சாய்ந்து நாச்சியாள் என்ற மீன்காரி உட்கார்ந்திருந்தாள்.

"எம்மாம் பேரு குடுத்த காசு. எங்கதான் போயிருக்கும் சாமி?" என்றாள் அவள். "நாங்க இங்க போடப்போட, நிதிபாலரு வீடுதான் ஒசந்துகிட்டே போச்சு."

கூத்தன் நிமிர்ந்தான். "இன்னும் எங்கெல்லாம் ஒசந்துச்சு, ஆத்தா?"

கூட்டம் அவனைச் சூழ்ந்துகொண்டு ஒவ்வோர் இடமாகச் சொன்னது. கடைசி இடத்தைக் கேட்டபோது அவன் அதிர்ந்துபோனான். அங்கே கைவைத்தால் நாடு மட்டுமல்ல, தலையும் போகலாம். ஆனால் அதை விட்டுவிட்டு மற்றவற்றைத் தொட அவனுக்கு மனம் வரவில்லை.

மறுநாள் காலை மன்னர் மண்வெட்டிச் சத்தம் கேட்டு விழித்தார். அரண்மனைத் தோட்டத்தில் அவர் உயிராக நேசித்த செய்குன்றை, மண் குவித்து எழுப்பிய அந்தச் செயற்கை மலையை, கூத்தனும் பொன்மனை வாசலில் நின்ற ஆட்களும் வெட்டிக்கொண்டிருந்தார்கள். வெள்ளிப் படிகளும் மணி பதித்த மயில்களும் பெயர்ந்து வண்டியில் கிடந்தன.

மன்னர் தோட்டத்துக்கு ஓடிவந்தார். "கூத்தா, உனக்குப் பித்துப் பிடித்துவிட்டதா?"

"பள்ளத்தை நிரப்பச் சொன்னது தாங்கள்தானே, மன்னா. மண்ணுக்கு எங்கே போவேன்? ஓரிடத்தில் பள்ளம் தோண்டினால் அந்த மண் வேறோரிடத்தில் மேடாகத்தானே கிடக்கும்? மேடுகளைத் தேடினேன். தங்கள் பிறந்தநாளுக்கு நிதிபாலர் எழுப்பிக் கொடுத்த இந்தக் குன்று ஒன்று. மற்ற மேடுகளிலும் ஆட்கள் வெட்டிக்கொண்டிருக்கிறார்கள்."

அவன் சொல்லி முடிப்பதற்குள் வாமதேவரும் இளநாகரும் தலையெல்லாம் புழுதியாக ஓடிவந்தார்கள்.

"என் பளிங்கு மண்டபத்தை இடிக்கிறார்கள், மன்னா. நிதிபாலர் அன்போடு கட்டித் தந்தது" என்றார் வாமதேவர்.

"என் நீராழி மண்டபத்தையும். அதுவும் அவர் தந்ததே" என்றார் இளநாகர்.

சொன்ன பிறகுதான் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மன்னர் அவர்களைப் பார்த்தார். பிறகு பாதி வெட்டுண்ட தன் குன்றைப் பார்த்தார். பசித்தவர்கள் காசில் செய்த படியிலா மாலைதோறும் உலாவினோம் என்று அவர் உடல் கூசியது. அருகில் கிடந்த ஒரு மண்வெட்டியைக் கையில் எடுத்தார்.

"நிறுத்தாதே கூத்தா. என் மேடு முதலில் கரையட்டும்" என்றார்.

சூரியன் மறைவதற்குள், நிதிபாலர் மாளிகையின் பொன்தகடு உட்பட, எல்லா மேடுகளும் பொன்மனைக்கு வந்து இறங்கின. நிதிபாலர் சிறைக்குப் போனார். பொன்மனையின் கதவு திறந்தது.

"என்ன பரிசு வேண்டும்? கேள்" என்றார் மன்னர்.

"காசு வாங்கும் வரிசையில் கடைசி இடம் வேண்டும், மன்னா. எனக்குக் கிடைத்துவிட்டால் எல்லோருக்கும் கிடைத்துவிட்டது என்று அறியலாம்."

மன்னரின் கண் கலங்கியது. தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றி, "இது உன் மகளுக்கு" என்று அவனிடம் கொடுத்தார். "ஆனால் கடைசி இடம் உனக்கில்லை. உன் பின்னால் நான் நிற்கிறேன்."

அப்படியே போய் நின்றார். மன்னரை முந்தி நிற்க அவையினருக்குத் துணிவு ஏது? வாமதேவரும் இளநாகரும் தயங்கித் தயங்கி அவருக்குப் பின்னால் வந்தார்கள்.

கூத்தன் திரும்பிப் பார்த்து, "பரவாயில்லை மன்னா. பதவிக்கு நின்ற இருவரும் இன்னும் நிற்கத்தான் செய்கிறார்கள்" என்றான்.

மன்னர் சிரித்த சிரிப்பில் வரிசையே திரும்பிப் பார்த்தது. நாச்சியாள் அப்போதுதான் தன் காசை முந்தானையில் முடிந்துகொண்டு வெளியே வந்தாள்.