தோரணம் தின்ற பசு

குடவனூர் அரசர் வீரகண்டருக்கு ஆண்டுக்கொரு முறை தலைவலி வரும். அதற்கு நியாய மாநாடு என்று பெயர். நாட்டிலுள்ள நீதிபதிகளும் வழக்கறிஞர்களும் அரண்மனை மண்டபத்தில் கூடி, புதிதாக முளைத்த சட்டச் சிக்கல்களை அலசுவார்கள். சிக்கல் தீருகிறதோ இல்லையோ, மதியம் விருந்து உண்டு.

அவர்களிடம் ஒரு நல்ல பழக்கமும் இருந்தது. சொல்லாமல் விட்டால் பாவம். வழக்கில் சம்பந்தப்பட்டவர் வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடித்தவர்கூட அந்த வழக்கைப் பற்றி வாய் திறக்கக் கூடாது என்பது அந்நாட்டு விதி. அதனால் ஆளுக்கொரு சொம்பில் சொந்த வீட்டுத் தண்ணீரைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் உட்காருவார்கள். தலைமை நீதிபதி தில்லைவிடங்கரின் சொம்புக்குப் பூட்டுகூட உண்டு.

அந்த ஆண்டு மாநாடு தொடங்கிய அன்று காலையிலேயே வினை வந்தது. பால் விற்றுப் பிழைக்கும் செம்பாயியின் பசு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிவந்து, மண்டப வாசலில் கட்டியிருந்த மாவிலைத் தோரணத்தை எட்டிப் பிடித்துத் தின்றுவிட்டது.

"சபை அவமதிப்பு!" என்று எழுந்தார் தில்லைவிடங்கர்.

பசுவைச் சாட்சிப் பொருளாக அரண்மனைக் கொட்டிலில் கட்டினார்கள். மாநாட்டுக்கும் பேச விஷயம் கிடைத்தது.

"இடப்பக்கத்திலிருந்து வரிசையாகத் தின்றிருக்கிறது. இது திட்டமிட்ட செயல்!" என்றார் ஒரு வழக்கறிஞர்.

"பசிக்குத் தின்றது" என்றார் இன்னொருவர்.

"பசிக்கு என்றால் பிறகு ஏன் படுத்துக்கொண்டு அசைபோட்டது? ஒரே இலையை இரண்டு முறை மென்றிருக்கிறது. குற்றம் ஒன்றா, இரண்டா?" என்றார் தில்லைவிடங்கர்.

அவ்வளவுதான். மண்டபம் இரண்டாகப் பிரிந்தது. ஒன்று என்று ஒரு கட்சி, இரண்டு என்று ஒரு கட்சி. நாள்கள் ஓடின. மதியம் ஆனால் பால் பாயசம். குடித்துவிட்டு மறுபடியும் ஒன்றா, இரண்டா. இதற்கிடையே ஒருவர், விழுங்கியதும் தனிக் குற்றம்தான் என்று மூன்றாவது கட்சி தொடங்கினார்.

ஒரு நாள் காலையில் செம்பாயி அழுதுகொண்டு அரசர் முன் வந்து நின்றாள்.

"மகராசா, என் கன்னுக்குட்டி கஞ்சித் தண்ணியத் தொடமாட்டேங்குது. நிக்கக்கூட முடியல. இன்னிக்குத் தாய்ப்பால் இல்லேன்னா அது பொழைக்காது. எங்க வீட்டுல அதுவும் ஒரு புள்ளைங்க."

அரசருக்கு மனசு கேட்கவில்லை. ஆனால் என்ன செய்வார்? மாநாடு எடுத்த விஷயத்தை மாநாட்டு மண்டபத்திலேயே முடிக்க வேண்டும், அரசன் குறுக்கே பேசக் கூடாது என்று முன்னோர் யாரோ உத்தரவு போட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்திருந்தார்கள். தம் விகடகவி மாசிலாமணியைக் கூப்பிட்டார்.

"மாசிலாமணி, இன்று விளக்கு வைப்பதற்குள் தீர்ப்பு வந்தாக வேண்டும். நான் பேச மாட்டேன். அவர்களைப் பேச வேண்டாம் என்றும் சொல்ல மாட்டேன். உம்மால் முடியாவிட்டால், நாளை முதல் என் இடத்தில் உட்கார்ந்து நீர்தான் அவர்கள் பேச்சைக் கேட்க வேண்டும்."

மாசிலாமணி பதறிப்போனார். தலையை வாங்குகிறேன் என்றிருந்தால்கூட அப்படிப் பயந்திருக்க மாட்டார். செம்பாயியிடம் கன்றைத் தூக்கிவரச் சொல்லிவிட்டு, நேரே அரண்மனைச் சமையற்கட்டுக்குப் போனார். வெளியே வரும்போது முகத்தில் சிரிப்பு இருந்தது.

அன்றும் விருந்து நடந்தது. மாசிலாமணி மட்டும் ஓரமாக நின்றுகொண்டு, "தலைவருக்கு இன்னும் கொஞ்சம் பாயசம் ஊற்றுங்கள்" என்று உபசரித்தார். எல்லாரும் ஏப்பம் விட்டுக்கொண்டு மண்டபத்துக்கு வந்து சொம்புகளோடு அமர்ந்தார்கள்.

"பெரியோர்களே, பாயசம் எப்படி?" என்று கேட்டார் மாசிலாமணி.

"அமிர்தம்!" என்றார் தில்லைவிடங்கர்.

மாசிலாமணி சமையற்காரர் ஐயாறுவை முன்னால் இழுத்து நிறுத்தினார். "பால் எங்கே வாங்குகிறீர், ஐயாறு?"

"வாங்கறதா? கொட்டில்ல ஒரு பசு கட்டியிருக்காங்களே, மடி கனத்துக் கத்திக்கிட்டே இருந்துச்சு. வீணாப் போவுதேன்னு தினமும் நான்தான் கறக்கறேன்."

தில்லைவிடங்கரின் ஏப்பம் பாதியில் நின்றது.

"வழக்குக்காரி வீட்டுத் தண்ணீரையே குடிக்கக் கூடாதவர்கள் நீங்கள்" என்றார் மாசிலாமணி. "சாட்சிப் பொருளையே கறந்து குடித்துவிட்டீர்களே!"

பேச எழுந்தவர்கள் உட்கார்ந்தார்கள். மூன்றாவது கட்சிக்காரர் தூக்கிய கையை இறக்கினார். அந்த மண்டபத்தில் பல்லி கத்துவது அன்றுதான் காதில் விழுந்தது.

கடைசியில் தில்லைவிடங்கர் முனகினார். "நாங்கள் எல்லாரும் குடித்துவிட்டோம். அரசரும் குடித்தார். இனி யார் தீர்ப்புச் சொல்வது?"

"அந்தப் பாலில் ஒரு சொட்டுகூடக் கிடைக்காதவர் இந்த ஊரில் ஒருவர் இருக்கிறார்" என்றார் மாசிலாமணி.

செம்பாயி கன்றைத் தூக்கிக்கொண்டு வந்து தலைமை நீதிபதியின் ஆசனத்தில் கிடத்தினாள். எல்லாரும் எழுந்து நின்றார்கள். நீதிபதி வந்தால் எழுந்துதானே ஆக வேண்டும்?

சாட்சிப் பொருளை அழைத்துவந்தார்கள். பசு குரல் கொடுத்தது. கன்றின் காது நிமிர்ந்தது. ஆசனத்திலிருந்து சரிந்து இறங்கியது, தள்ளாடியது, விழுந்தது, எழுந்தது. தாயின் வயிற்றில் போய் முகம் புதைத்தது. செம்பாயி வாய்விட்டு அழுதேவிட்டாள்.

"தீர்ப்பாகிவிட்டது! பசு அதன் வீட்டாருக்கே" என்று அறிவித்தார் மாசிலாமணி.

கன்று மடியில் வாய் வைத்தது. தில்லைவிடங்கர் துள்ளினார். "ஆட்சேபணை! இந்த நீதிபதியும் சாட்சிப் பொருளைக் குடிக்கிறாரே!"

"குடிக்கிறார், ஐயா. ஆனால் தீர்ப்பைச் சொல்லி முடித்துவிட்டுக் குடிக்கிறார். நீங்கள் குடித்து முடிக்கும் வரை தீர்ப்பே சொல்லவில்லை!"

அரசர் கிரீடம் சரியச் சரியச் சிரித்தார். கழுத்து முத்துமாலையைக் கழற்றி மாசிலாமணிக்குப் போட்டார். செம்பாயிக்கு வண்டி நிறைய வைக்கோல் தரச் சொன்னார்.

செம்பாயி பசுவையும் கன்றையும் ஓட்டிக்கொண்டு கிளம்பினாள். வாசலைத் தாண்டும்போது பசு கழுத்தை நீட்டி, புதிதாகக் கட்டியிருந்த தோரணத்திலிருந்து ஒரு வாய் இழுத்துக்கொண்டது.

அத்தனை நீதிபதிகளும் குனிந்து தங்கள் சொம்புக்குள் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.