மஞ்சள் வண்டி

திருச்சி தில்லைநகரில் ஒரு குரு இருந்தார். தொழில், பல் பிடுங்குவது. பெயர் மெஹருன்னிசா. வாரம் முழுக்க ஊரார் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளினிக்குக்குப் பின்னால் இருக்கும் அறையில் நாலைந்து பேருக்கு வேறொரு வித்தை சொல்லிக்கொடுப்பார்.

கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டும் பைத்தியங்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். வீட்டில் லுங்கியோடு உட்கார்ந்து லண்டனில் இறங்குவார்கள். இறங்குகிறவர்களுக்கு வழி சொல்ல ஆள் வேண்டுமே. அதற்கும் சில பைத்தியங்கள் உண்டு. விமான நிலையக் கோபுரத்தில் இருப்பதுபோல் பாவித்துக்கொண்டு, ஹெட்போனை மாட்டி, எங்கோ இருக்கிற ஓட்டிக்கு இங்கிருந்து வழி சொல்வார்கள். சம்பளம் கிடையாது, மரியாதை உண்டு. மெஹருன்னிசா அந்தக் கூட்டத்தில் பேர்பெற்றவர்.

விமானம் தரையில் உருண்டு போவதற்கு டாக்ஸி என்று பெயர். பறப்பதைவிட அதுதான் கஷ்டம் என்பார் டாக்டர். வானத்தில் சந்து பொந்து கிடையாது. தரையில் ஆல்ஃபா, பிராவோ, சார்லி என்று பெயர் வைத்த பாதைகள் பிரிந்தும் சேர்ந்தும் ஓடும். எதில் திரும்ப வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்று கோபுரம் சொல்லும். சொன்னதை ஓட்டி அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். அது சட்டம்.

இந்தச் சட்டத்துக்காகவே பிறந்தவர்போல் ஒரு சீடர் வந்து சேர்ந்தார். வைத்தியலிங்கம். குருவைவிட இருபது வயதாவது மூத்தவர். ரயில்வேயில் செக்‌ஷன் கன்ட்ரோலராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓர் அறையில் உட்கார்ந்து போனிலேயே ரயில்களை ஓட்டிய மனிதர். அவர் உத்தரவு சொல்வார், ஸ்டேஷன் மாஸ்டர் திருப்பிச் சொல்வார், ரயில் போகும். திருப்பிச் சொல்லிவிட்டால் காரியம் முடிந்தது என்பது அவர் ரத்தத்தில் ஊறிப்போன நம்பிக்கை. தண்டவாளம் போட்டு வைத்த இடத்தில் வண்டி வேறு எங்கே போய்விடும் என்று யாரும் அவரிடம் கேட்டதில்லை.

அவரை இங்கே கொண்டுவந்து சேர்த்தவன் பெங்களூரில் இருக்கும் மகன் இளவழகன். அப்பாவுக்கு வாரத்தில் ஒரு காலையாவது மூச்சுவிட நேரம் வேண்டும் என்று நினைத்தான். வீட்டில் அம்மா கமலவேணிக்கு ஞாபகம் போய்க்கொண்டிருந்தது. முதலில் பெயர்கள் போயின. பிறகு சமையல் போயிற்று. ஞாயிறு காலைகளில் எதிர்வீட்டு ஸ்டெல்லா வந்து கூட இருப்பாள்.

வைத்தியலிங்கம் சீக்கிரம் கற்றுக்கொண்டார். குரல் கணீரென்று இருந்தது. பாதைகளின் பெயரெல்லாம் மனப்பாடம். ஒருநாள் திரையில் விமான நிலையத்தின் ஓரத்தில் சும்மா நின்றிருந்த ஒரு சின்ன மஞ்சள் வண்டியைக் காட்டி, இது எதற்கு என்று கேட்டார்.

"அது வேற பாடம் சார். வர்றப்ப சொல்றேன்," என்றார் டாக்டர்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தச் சம்பவம் நடந்தது. யாரோ ஒரு புதிய ஓட்டி, குரலைக் கேட்டால் கல்லூரிப் பெண் மாதிரி இருந்தது, இறங்கிவிட்டு வழி கேட்டாள். வைத்தியலிங்கம் ஒரே மூச்சில் வழி முழுவதையும் சொன்னார். ஆல்ஃபாவில் வா, பிராவோவில் இடது, டெல்டாவுக்கு முன்னால் நில், பிறகு சார்லி வழியாக நிறுத்துமிடம். அவள் ஓர் எழுத்துப் பிசகாமல் திருப்பிச் சொன்னாள். அவருக்குத் திருப்தி. ஆனால் அவள் விமானம் பிராவோவைத் தாண்டி நேராகப் போய், எதிரே வந்த இன்னொரு விமானத்தின் மூக்குக்கு முன்னால் நின்றது.

வைத்தியலிங்கத்துக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. காது இருக்கிறதா, மூளை இருக்கிறதா என்று ரேடியோவில் உலகமே கேட்கத் திட்டித் தீர்த்தார். கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண்ணின் விமானம் திரையிலிருந்து காணாமல் போயிற்று. இணைப்பைத் துண்டித்துக்கொண்டு போய்விட்டாள்.

அறையில் இருந்த மற்றவர்கள் தத்தம் திரையைப் பார்த்துக்கொண்டார்கள். டாக்டர் எல்லோருக்கும் டீ சொல்லி, வெளியே போய்க் குடித்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பினார். வைத்தியலிங்கம் மட்டும் உட்கார்ந்திருந்தார்.

"ஒரு சந்தேகம் டாக்டர். சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்றாங்க. அப்புறம் ஏன் தப்பாப் போறாங்க?"

டாக்டர் தன் நாற்காலியை அவர் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"வேணும்னே செய்யறாங்களோன்னு தோணுது," என்றார் வைத்தியலிங்கம். பிறகு குரல் கீழே இறங்கியது. "வீட்லயும் இதே கதைதான்."

அதன்பிறகு அவரால் நிறுத்த முடியவில்லை. கமலவேணியிடம், எழுந்து போய் முகம் கழுவி, மாத்திரை போட்டுக்கொண்டு, புடவை மாற்றிக்கொண்டு சாப்பிட வா என்பார். என்ன சொன்னேன், சொல்லு பார்க்கலாம் என்பார். அவளும் சமர்த்தாக எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்வாள். சற்று நேரம் கழித்துப் போய்ப் பார்த்தால் நடையில் நின்று சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். தினமும் இதுதான். தினமும் கத்தல். இந்த வாரம் ஒருநாள் அவர் கை ஓங்கிவிட்டார். அடிக்கவில்லை. ஓங்கிய கையைப் பார்த்து அவள் பயந்து ஒதுங்கினாள். அந்தக் கை இன்னும் தன்னுடையதாகத் தோன்றவில்லை என்றார்.

"மகன்கிட்ட சொல்லிட்டேன். ஒரு நல்ல இல்லமாப் பாத்து அவளைச் சேத்துடுன்னு. நாளைக்கு வர்றான் கூட்டிட்டுப் போக. எங்கிட்ட இருக்கறதைவிட அவளுக்கு அது நல்லது."

டாக்டர் எழுந்தார். அவருக்கு ஆறுதல் சொல்லவும் இல்லை, குறை சொல்லவும் இல்லை. பக்கத்து நாற்காலியைக் காட்டினார். அது ஓட்டி உட்கார்கிற இடம்.

"கொஞ்சம் இங்க வாங்க சார். இன்னிக்கு நீங்க ஓட்டுங்க. நான் வழி சொல்றேன்."

திரையில் பெயர் தெரியாத ஏதோ ஒரு வெளிநாட்டு விமான நிலையம். பகல்தான், ஆனால் மூடுபனி. விமானத்தின் மூக்குக்கு அப்பால் ஒன்றுமே தெரியவில்லை. டாக்டர் தன் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒரே மூச்சில் வழி சொன்னார். வைத்தியலிங்கம் சொன்னதில் பாதிகூட நீளமில்லை. அவர் ஒன்றுவிடாமல் திருப்பிச் சொன்னார். அந்த நிலையிலும் அதில் கொஞ்சம் பெருமை இருந்தது.

முதல் திருப்பம் சரி. இரண்டாவதும் சரி. மூன்றாவது எங்கே வரவேண்டுமோ அங்கே பலகை இல்லை. இருந்திருக்கும், பனியில் தெரியவில்லை. தாண்டிவிட்டோமா, இன்னும் வரவில்லையா? மெதுவாக்கினார். பின்னால் இன்னொரு விமானம் வந்துகொண்டிருந்தது. யாரோ ரேடியோவில், முன்னால் இருப்பவர் ஏன் நகரவில்லை என்று கேட்டார்கள். வைத்தியலிங்கத்துக்குக் கழுத்தில் வேர்த்தது. விளையாட்டு என்று அவருக்குத் தெரியும். தெரிந்து என்ன, வேர்த்தது நிஜமாகவே.

பேசுவதற்கான பட்டனை அழுத்தினார். வாயில் வந்தது அந்த வழிதான். முதலிலிருந்து கடைசிவரை, ஒரு பிசகு இல்லாமல், மறுபடியும் சொன்னார். சொல்லி முடித்த பிறகும் பனி அப்படியே இருந்தது.

"எல்லாம் ஞாபகம் இருக்கு டாக்டர்," என்றார். "எங்க இருக்கேன்னுதான் தெரியல."

இதைச் சொன்ன கணத்தில் அவர் முகம் மாறிவிட்டது. சொன்னது யார் என்று தேடுகிறவர்போல் திரும்பிப் பார்த்தார்.

டாக்டர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பின்னால் இருந்த விமானத்தைக் காத்திருக்கச் சொன்னார். பிறகு இவரிடம் பேசினார். நோயாளியின் பல்லில் கை வைப்பதற்கு முன்னால் பேசும் குரல் அது.

"நில்லுங்க சார். அங்கயே நில்லுங்க. ஒண்ணும் அவசரமில்ல. கண்ணுக்கு முன்னாடி என்ன தெரியுது?"

"ஒரு மஞ்சக் கோடு."

"போதும். அது மேலயே வாங்க. நான் சொல்றவரைக்கும் வேற எதுவும் யோசிக்காதீங்க."

அவர் கோட்டின்மேல் வந்தார்.

"இப்ப வலது."

திரும்பினார்.

"நல்லது. இன்னும் கொஞ்சம்."

இப்படியே ஒவ்வொன்றாக. அடுத்தது என்ன என்று டாக்டர் முன்கூட்டிச் சொல்லவே இல்லை. ஓர் இடத்தில் அவர் தவறாகத் திரும்பினார். டாக்டர் அந்தத் தவறைப் பற்றிப் பேசவில்லை. இப்போது என்ன தெரிகிறது என்று கேட்டு, அங்கிருந்து வழி சொன்னார். கடைசியில் பனிக்குள்ளிருந்து கட்டடம் ஒன்று வந்தது. விமானம் அதன் இடத்தில் நின்றது.

வைத்தியலிங்கம் ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். வெகுநேரம் அதன் ஒயரை நீவிக்கொண்டிருந்தார்.

"நான் தப்பாத் திரும்பினப்ப நீங்க திட்டியிருக்கலாம்."

"அதுக்கு இதுல பட்டன் வைக்கல சார்," என்றார் டாக்டர்.

வெளியே போனவர்கள் டீ குடித்துவிட்டு வந்தார்கள். பாடம் அன்றைக்கு அவ்வளவுதான்.

அன்று மதியம் வைத்தியலிங்கம் கமலவேணியின் கட்டிலருகே போய் நின்றார். எழுந்திரு வேணி என்றார். அதோடு நிறுத்திக்கொண்டார். மிச்சத்தையெல்லாம் சொல்லிவிடத் துடித்த நாக்கைக் கடித்துக்கொண்டார். அவள் எழுந்தாள். வா என்றார். வந்தாள். நடையில் வழக்கம்போல் நின்றுவிட்டாள். வழக்கமாகக் கத்துகிற இடம் அது.

"என்ன தெரியுது வேணி?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "வாசல்ல வெயில் அடிக்குதுங்க," என்றாள்.

ஆமாம், வெயில் அடித்தது. இத்தனை நாள் அவள் அந்த நடையில் நின்று எதைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. இரண்டு பேரும் சேர்ந்து அந்த வெயிலைப் பார்த்தார்கள். பிறகு குழாயைத் திற என்றார். திறந்தாள். சாப்பாட்டுக்கு வந்து சேரப் பொழுது சாய்ந்துவிட்டது. ஆறிய சோறுதான். ஆனால் அன்றைக்கு அந்த வீட்டில் யாரும் கத்தவில்லை.

மறுநாள் மகன் வந்தான். அம்மாவின் துணிகளை எடுத்து வைக்கப் பெட்டியும் கொண்டு வந்திருந்தான். அப்பா அம்மாவை ஒவ்வொரு சொல்லாகச் சாப்பாட்டு மேசைவரை கொண்டுவந்து உட்காரவைத்ததைப் பார்த்துக்கொண்டே நின்றான். இப்போதைக்கு வேண்டாம் என்றார் வைத்தியலிங்கம். முடியாவிட்டால் சொல்லுங்கள் அப்பா, மறைக்காதீர்கள் என்று சொல்லிவிட்டு, வெறும் பெட்டியோடு திரும்பிப் போனான். நல்ல பிள்ளை.

ஞாயிறுகள் போயின. வைத்தியலிங்கத்தின் குரலுக்கு இப்போது விசிறிகள் உண்டாகிவிட்டார்கள். புதிதாக ஓட்ட வருகிறவர்கள் அவர் கோபுரத்தில் இருக்கும் நேரம் பார்த்து வந்தார்கள். திட்டு வாங்கிக்கொண்டு போன அந்தப் பெண்ணும் ஒருநாள் வந்தாள். அவர் உலகமே கேட்க மன்னிப்புக் கேட்டுவிட்டு, ஒவ்வொரு திருப்பமாக அவளைக் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

மழைக்காலம் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோருக்கும் முன்னால் வந்து, கிளினிக்கின் பூட்டிய கதவுக்கு வெளியே குடையோடு நின்றுகொண்டிருந்தார். டாக்டர் கதவைத் திறந்ததும் உள்ளே வந்தார். ஹெட்போனைத் தொடவில்லை.

"ஒண்ணு ஒண்ணாத்தான் சொல்றேன் டாக்டர். கத்தறதே இல்ல." நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். "இந்த வாரத்துலேர்ந்து அந்த ஒண்ணும் போய்ச் சேரல. எந்திரின்னா எந்திரின்னு சொல்றா. சொல்லிட்டு என் மூஞ்சியவே பாக்கறா. எந்திரின்னா என்னன்னு அவளுக்குத் தெரியல."

மழை தகரக் கூரையில் பெய்துகொண்டிருந்தது.

"பையன் பெட்டியோட வரட்டுமான்னு கேக்கறான். நான் என்ன சொல்ல? வார்த்தைதான் எனக்குத் தெரிஞ்ச தொழில். அதுவே அவகிட்ட போகலன்னா, எனக்கு வேற என்ன இருக்கு டாக்டர்?"

டாக்டர் கம்ப்யூட்டரைப் போட்டார். பழைய மூடுபனி விமான நிலையத்தைத் திரையில் கொண்டுவந்தார். அங்கேயும் ஓரத்தில் சும்மா நின்ற சின்ன மஞ்சள் வண்டியைத் தேடிப்பிடித்துப் பெரிதாக்கிக் காட்டினார். அதன் முதுகில், என் பின்னால் வா என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது.

"இது எதுக்குன்னு கேட்டீங்களே சார்."

வைத்தியலிங்கம் குனிந்து பார்த்தார்.

"ரேடியோல சொல்றது எதுவும் போய்ச் சேரலன்னா, இதை அனுப்புவாங்க. இது வழி சொல்லாது. விமானத்துக்கு முன்னாடி வந்து நிக்கும். அப்புறம் மெதுவாப் போகும். பின்னாடி வர்றாங்களான்னு பாத்துக்கிட்டே போகும். அவங்க நின்னா, இதுவும் நிக்கும்."