லேப்டாப் வாங்கிய பலாக்காய்

உன் பேர் தெரியாது, ஊர் தெரியாது. ஆனால் ஏகாம்பரமாகிய என்னுடைய ஒரு லாரி பலாக்காய் பாழாகப் போவதற்குக் காரணம் நீதான். வேறு யாரையும் திட்ட நான் தயாராக இல்லை. கூழாங்குப்பம் பலா வியாபாரிகள் சங்கத்தாரைத் திட்டலாமே என்பாய். அவர்களை எப்படித் திட்டுவது? உலகத்திலேயே உன் குறிப்பை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்து, படித்தபடியே நடந்தவர்கள் அவர்கள்தான். நீ வைத்த நெருப்பு, அவர்கள் ஊதினார்கள், அவ்வளவுதான்.

எங்கள் சங்கத்தில் எல்லாமே மூன்று பேர். தலைவர் பூவராகன்: காயைத் தட்டிப் பார்த்தே சுளை எண்ணிவிடுவார், எண்ணிக்கை மட்டும் தப்பாக இருக்கும். செயலாளர் கொளஞ்சி: டவுனில் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போனவன். போன முதல் நாளே வாசலில் செருப்பு தொலைந்தது. அதற்கப்புறம் செருப்பைத் தேடத்தான் வகுப்புக்குப் போனான். பொருளாளர் திருமேனி: சங்கத்தில் மின்சாரம் வீணாகக் கூடாது என்பதைத் தவிர வேறு கொள்கை இல்லாதவர்.

இவர்களிடம் ஒரு பழைய லேப்டாப் வந்து சேர்ந்தது. அதில் காசு கொடுத்து வாங்காத இயங்குதளம். யார் வேண்டுமானாலும் பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம் என்று திறந்து போட்ட சமாச்சாரம். அந்த லேப்டாப்பின் பேட்டரி, ஃபேன், திரை எல்லாவற்றையும் சொன்ன பேச்சு கேட்க வைக்க நீ ஒரு டிரைவர் எழுதி வைத்திருக்கிறாய். எப்படிப் பயன்படுத்துவது என்று தமிழில் குறிப்பும் எழுதியிருக்கிறாய். தமிழில் எழுதினாய் பார், அங்கேதான் என் குடி கெட்டது. இங்கிலீஷில் விட்டிருந்தால் எங்கள் ஆட்கள் ஒரு கும்பிடு போட்டுவிட்டு நகர்ந்திருப்பார்கள்.

டிரைவர் என்றதும் லாரி டிரைவரைத் தேடிப் போயிருப்பார்கள் என்றுதானே நினைக்கிறாய்? அவ்வளவு மடையர்கள் இல்லை ஐயா. அது கம்ப்யூட்டருக்குள் இருக்கிற சமாச்சாரம் என்பது மூன்று பேருக்கும் நன்றாகத் தெரியும். லாரி டிரைவரைத் தேடிப் போயிருந்தால் எனக்கு ஒரு சேதாரமும் வந்திருக்காது.

என் சங்கதி இது. பெங்களூரில் சிப்ஸ் கம்பெனி வைத்திருக்கும் நவநீதன் என்பவர் ஒரு லாரி காய் கேட்டார். சிப்ஸுக்குக் காயாக இருக்க வேண்டும். லேசாக வாசனை வந்துவிட்டாலே தொடமாட்டார். காயை வெட்டி லாரியில் ஏற்றிவிட்டேன். வீடியோவில் சரக்கைப் பார்த்து விலை பேசி முடித்தால் அன்றைக்கே வண்டி கிளம்பிவிடும். விற்பனை சங்கம் மூலமாகத்தான் நடக்க வேண்டும் என்பது எங்கள் ஊர் கட்டுப்பாடு. விதி.

நான் போய்ச் சேர்ந்தபோது மூன்று பேரும் லேப்டாப்பைக் குப்புறப் போட்டு, அதன் முதுகில் சாக்பீஸால் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

"என்னய்யா பண்றீங்க?"

"பேட்டரி வரம்புண்ணே," என்றான் கொளஞ்சி. "எப்பவும் முழுக்க நிரப்புனா பேட்டரிக்கு ஆயுசு கொறையுமாம். எண்பதுன்னு எழுதுனா ஆயுசு கூடுமாம். எழுதிட்டோம். ஆனா அது எண்பதைத் தாண்டிப் போய்க்கிட்டே இருக்கு."

"சின்னதா எழுதியிருப்ப. பெருசா எழுது," என்றார் தலைவர்.

நான் தலையிலடித்துக்கொண்டு, கீபோர்டில் எழுதச் சொன்னேன். என் தப்பு. சாக்பீஸோடு விட்டிருக்கலாம்.

கீபோர்டில் எழுதியதும் அது கடவுச்சொல் கேட்டது. கொளஞ்சி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

"போடுடா," என்றார் தலைவர்.

"எப்படிப் போடுறது? யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னு மெஷினைக் குடுத்தவரு சத்தியம் வாங்கியிருக்காரு."

"இதுகிட்டயுமா?"

"யாருகிட்டயும்னா யாருகிட்டயும்தான்."

திருமேனி குறுக்கே வந்தார். "அவன் சொல்றது ஞாயம். கடவுச்சொல்லைக் கேக்குறவன் திருடன்னு பேங்குலேர்ந்து எனக்கு வாரா வாரம் மெசேஜ் வருது. இது எதுக்குக் கேக்குது? இதோட யோக்யதை என்ன?"

இதைப் பற்றி ஒரு கூட்டமே நடந்தது. வெளியே என் காய் வெயிலில் காய்கிறது, உள்ளே லேப்டாப்பின் நடத்தையைப் பற்றி விவாதம். கடைசியில், அது பார்க்காத நேரம் பார்த்து அடித்துவிடுவது என்று முடிவானது. கொளஞ்சி அடித்தான். அடித்த எழுத்து ஒன்றுகூடத் திரையில் வரவில்லை.

"பாத்தியா?" என்று தலைவர் நெகிழ்ந்துபோனார். "நீ அடிக்கும்போது அதுவே கண்ணை மூடிக்கிச்சு. நாகரிகம் தெரிஞ்ச மெஷின்டா. நாமதான் தப்பா நெனச்சுட்டோம்."

உள்ளே போனதும் எண்பது என்று போடப்போனவனைத் திருமேனி தடுத்தார்.

"கொஞ்சம் பொறு. நூறுன்னா ஆயுசு கம்மி. எண்பதுன்னா ஆயுசு ஜாஸ்தி. அப்ப அம்பது?"

"இன்னும் ஜாஸ்தி."

"பூஜ்யம்?"

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "சாவே கிடையாது," என்றார் தலைவர் மெதுவாக.

பூஜ்யம் போட்டார்கள். நீ 'விரும்பிய எண்ணை எழுதலாம்' என்று தாராளமாக எழுதி வைத்திருக்கிறாயே, அவர்கள் விரும்பிய எண் அதுதான். இருந்த சார்ஜும் வீணாக வேண்டாம் என்று பிளக்கைப் பிடுங்கி, பேட்டரி வறளும் வரை ஓடவிட்டு, பிறகு மாட்டினார்கள். அதற்கு மேல் பேட்டரி ஒரு சொட்டுகூட ஏற்றிக்கொள்ளவில்லை. ஒயர் இருந்தால் உயிர், இல்லாவிட்டால் இல்லை.

அடுத்தது ஃபேன். ஒன்று என்று எழுதினால் உள்ளே இருக்கும் ஃபேன் சத்தமில்லாமல் மெதுவாகச் சுற்றும் என்று எழுதியிருந்தாய்.

"மேல ஒரு ஃபேன் ஓடுது," என்றார் திருமேனி. "ஒரே ரூமுக்கு எதுக்கு ரெண்டு?"

ஒன்று எழுதினார்கள். அப்புறம் படிக்கும் நிலை. படிக்கும்போது கண் நோகாமல் இருக்கத் திரையை மஞ்சளாக்குமாம். அதையும் போட்டார்கள். படித்து முடித்தாகிவிட்டதே, எடுத்துவிடுங்கள் என்றேன்.

"படிப்புக்கு ஏதுண்ணே முடிவு?" என்றான் கொளஞ்சி. வகுப்பில் கற்றுக்கொண்ட ஒரே விஷயம்.

வீடியோ கால் வந்தது. திரையில் நவநீதன் தோன்றினார். பாவம், நல்ல மாம்பழ நிறம்.

"வணக்கம் தலைவரே. சரக்கைப் பாக்கலாமா?"

பூவராகன் பக்கத்தில் திரும்பி, "கண்ணைப் பாருடா. முத்திப்போச்சு," என்றார். பிறகு திரைக்கு நேராகக் குனிந்தார். "சார், காய் கெடக்குது. மொதல்ல கீழாநெல்லியை அரைச்சு மோர்ல கலந்து வெறும் வயித்துல குடிங்க. உப்பு, எண்ணெய் தொடாதீங்க. சிப்ஸ் கம்பெனிப் பக்கமே போவாதீங்க."

"எனக்கு என்னங்க? நான் நல்லாத்தான் இருக்கேன்."

"எல்லாரும் அப்படித்தான் சார் சொல்லுவாங்க."

நான் பொறுமை இழந்து ஒரு காயைத் தோளில் தூக்கி வந்து கேமரா முன்னால் நிறுத்தினேன். திரையின் மூலையில் எங்கள் படம் தெரிந்தது. அதில் காயும் மஞ்சள், நானும் மஞ்சள். தலைவர் அதைப் பார்த்து அதிர்ந்துபோனார்.

"சார், உங்ககிட்ட மறைக்கக் கூடாது. ஏகாம்பரம் காய்னு சொல்லி ஏத்தியிருக்கான். எல்லாம் பழுத்துருச்சு. ஏகாம்பரமும் ஒரு மாதிரிதான் இருக்கான்."

"யோவ்!" என்று கத்தினேன். "நேர்ல பாருய்யா! பச்சைப் பசேல்னு இருக்கு!"

அவர் காயைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். "கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா?" என்றார்.

நவநீதன் தங்கமான மனுஷன். "என் பக்கம் பச்சையாத்தான் தெரியுது. சரக்கு எனக்குப் புடிச்சிருக்கு. விலை சொல்லுங்க," என்றார். எனக்குப் போன உயிர் வந்தது.

வந்த உயிரை என்ன செய்தார்கள் என்று கேள். எங்கள் மண்டியில் விலையை வாயால் பேசுவதில்லை. இரண்டு பேர் கைமேல் துண்டைப் போட்டு, உள்ளே விரலைப் பிடித்துப் பேசுவோம். பக்கத்தில் நிற்பவனுக்குக்கூட விலை தெரியாது. சரக்குக்காரன் கிட்டே நிற்கக் கூடாது. துண்டுக்குள் கை கொடுத்தவன்தான் வாங்கினவன், பிரம்மா வந்தாலும் மாற்ற முடியாது. ஜன்னலில் வேறு வியாபாரிகள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது போதாதா? தலைவர் என்னை வெளியே தள்ளிவிட்டு, தோள் துண்டை உருவி லேப்டாப் மேல் போர்த்தினார். கையை உள்ளே விட்டார்.

"ஹலோ? இருட்டா இருக்குங்க," என்றது துண்டுக்குள்ளிருந்து நவநீதன் குரல்.

"உஸ்ஸ்! வாயால பேசாதீங்க சார்."

தலைவர் விரலை அழுத்தினார். அவர் முகத்தில் மரியாதை படர்ந்தது. "டேய் கொளஞ்சி, நான் அழுத்துனா திருப்பி அழுத்துதுடா. லேசுல எறங்கற ஆளு இல்ல."

"கையி எப்படி இருக்கு தலைவரே?"

"கொதிக்குது. பெரிய வியாபாரி கையி அப்படித்தான் இருக்கும்."

உள்ளே ஃபேனை அடக்கி வைத்துவிட்டு, மேலே துண்டையும் போர்த்தினால் கொதிக்காமல் என்ன செய்யும்? திருமேனிக்கு மனசு கேட்கவில்லை. "வந்த ஆளுக்குக் காத்தாவது வேணாமா?" என்று டேபிள் ஃபேனைத் தூக்கி வந்தார். சங்கத்தில் இருப்பது ஒரே ஒரு பிளக் பாயிண்ட். அதில் மாட்டியிருந்த ஒயரைப் பிடுங்கிவிட்டு டேபிள் ஃபேனை மாட்டினார்.

நவநீதன் குரல் பாதியில் அறுந்தது. தலைவர் துண்டை விலக்கினார். திரை கறுத்துக் கிடந்தது.

"சம்மதம்னு கண்ணை மூடிட்டாரு. முடிஞ்சுது!" என்று கையைத் தட்டினார் பூவராகன். "எறக்குங்கடா காயை!"

நானும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த ஜன்னலை விட்டு உள்ளே ஓடினேன். "எங்கய்யா எறக்குறது? பெங்களூர் போகணும் அது!"

"பெங்களூர்காரருக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?" என்றார் திருமேனி. "அவரு வாயால பேசுனாரு, அவ்வளவுதான். கை குடுத்தது யாரு?"

"யாரு?"

மூன்று பேரும் லேப்டாப்பைக் காட்டினார்கள்.

லாரியில் இருந்த அத்தனை காயும் சங்கக் கட்டடத்துக்குள் இறங்கின. வாங்கினவர் இருக்கிற இடத்தில்தானே சரக்கை இறக்க வேண்டும்? கதவை மூட முடியவில்லை. நவநீதன் என் போனுக்குக் கூப்பிட்டார். சாயங்காலத்துக்குள் வண்டி கிளம்பினால் எடுத்துக்கொள்கிறேன் என்றார். நான் தலைவர் காலில் விழாத குறை.

"அடுத்தவன் வாங்குன சரக்கை எடுத்து இன்னொருத்தனுக்கு விக்கச் சொல்றியா ஏகாம்பரம்? நாலு பேருகிட்ட பேரம் பேசியே மேல வந்தவன் நீ. நீயே இப்படிப் பேசலாமா?" என்றார். முகத்தில் உண்மையான வருத்தம். "ஓனர் சரின்னு ஒரு வார்த்தை சொல்லட்டும், இப்பவே எடுத்துக்கோ."

காய் மலையில் ஏறி, சறுக்கி, முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு, டேபிள் ஃபேனைப் பிடுங்கி எறிந்துவிட்டு லேப்டாப் ஒயரை மாட்டினேன். உயிர் வந்தது. கொளஞ்சி, 'ஏகாம்பரம் காயை எடுத்துக்கலாமா?' என்று அடித்தான். அது, 'அப்படி ஒரு கட்டளை இல்லை' என்று பதில் போட்டது.

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டு, இன்னொரு தடவை படித்தார். "எனக்கு வேணாம்னு சொல்லல பாரு. மேலேர்ந்து கட்டளை வரலைன்னு சொல்லுது. எவ்வளவு அடக்கம்! இதை எழுதுன புண்ணியவான் ஒருத்தரு இருக்காரே, அவரு சொன்னா குடுத்துடும்."

அதனால்தான் உன்னிடம் வந்திருக்கிறேன். யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று குறிப்பின் அடியில் எழுதியிருக்கிறாய் அல்லவா? திருத்து. பேட்டரிக்கு ஒன்று, ஃபேனுக்கு ஒன்று, திரைக்கு ஒன்று என்று இடம் வைத்தவனுக்குப் பலாக்காய்க்கு ஒன்று வைக்கத் தெரியாதா? ஒன்று என்று எழுதினால் காயை ஏகாம்பரத்திடம் திருப்பிக் கொடுக்க வேண்டும், பூஜ்யம் என்று எழுதினாலும் திருப்பிக் கொடுக்க வேண்டும். இன்றைக்கே அந்தக் கட்டளையைச் சேர்த்து அனுப்பு. வாசலில் மூன்று பேரும் வாங்கினவருக்கு முதல் சுளை எடுத்துக் கொடுக்கக் கையில் எண்ணெய் தடவிக்கொண்டு நிற்கிறார்கள்.