யாருடைய பூட்டு

தூத்துக்குடியில் ஒரு டயர்க் கடை மாடியில், மின்னஞ்சலைப் பிறர் படிக்க முடியாதபடி பூட்டி அனுப்பக் கற்றுக்கொடுத்துவந்தாள் ஜெசிந்தா டீச்சர். படிக்க வந்தவர்களில் மூத்தவர் இசக்கிமுத்து. திருநெல்வேலியில் சின்னதாக ஒரு வாரப் பத்திரிகை நடத்துகிறவர். டீச்சருக்கு அவருடைய மகள் வயதுதான் இருக்கும்.

முதல் நாளே அவர் கேட்டார். "உடைக்க முடியாத பூட்டுங்கீங்க. பூட்டியாச்சுன்னா அப்புறம் என்ன பயம் டீச்சர்?"

"யாருடைய பூட்டு அண்ணாச்சி?"

"புரியலையே."

அவள் தன் விசிட்டிங் கார்டைத் திருப்பி நீட்டினாள். பின்பக்கம் எழுத்தும் எண்ணுமாக ஒரு நீள வரிசை.

"இது என் பூட்டோட கைரேகை. இந்தப் பூட்டைப் போட்டு அனுப்புனா என் சாவி மட்டுந்தான் திறக்கும். சத்தமா வாசிங்க."

வாய்ப்பாடு ஒப்பிக்கிற பையனைப்போல வாசித்தார். எரிச்சலாக இருந்தது. கார்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

மழைக்காலத்தில் ஒரு பெண் அவருக்குப் பூட்டிய மின்னஞ்சல் அனுப்பினாள். மருந்துக் கம்பெனி ஒன்றின் பரிசோதனைக்கூடத்தில் வேலை. குழந்தைகளுக்கான இருமல் மருந்தில் கலப்படம். அத்தாட்சி எல்லாம் இருந்தது. தன் பெயர் வெளியே தெரிந்தால் உயிரோடு விடமாட்டார்கள் என்றும் எழுதியிருந்தாள். டீச்சர் வழியாக வக்கீலுக்குச் சேர்ப்பதாக ஏற்பாடு. அவர் கம்பெனிமேல் வழக்குப் போடுவார்.

வழக்குக்கு முந்தின நாள் காலை டீச்சர் பெயரில் ஒரு மின்னஞ்சல் வந்தது. 'லேப்டாப் திருட்டுப் போய்விட்டது. பழைய பூட்டு வேண்டாம், இதோடு இருக்கும் புதுப் பூட்டைப் போட்டு அனுப்புங்கள். போனை ஒட்டுக்கேட்கிறார்கள், கூப்பிடாதீர்கள்.'

"எனக்கும் வந்துச்சு, அப்பமே புதுப் பூட்டைச் சேத்துட்டேன்" என்றார் கூடப் படிக்கும் நயினார். "நீரு என்னவே, கார்டைத் தடவிக்கிட்டு இருக்கீரு?"

"கைரேகை வேறயா இருக்கே."

"புதுப் பூட்டுன்னா வேறயாத்தான் இருக்கும். சொல்லிக்குடுத்தவளையே சந்தேகப்படுதீரோ? நல்ல சிஷ்யன்வே நீரு."

இசக்கிமுத்து லேப்டாப்பைப் பையில் வைத்துக்கொண்டு தூத்துக்குடி பஸ் ஏறினார். எந்த முகத்தோடு கேட்பது என்று வழியெல்லாம் கூச்சம்.

டீச்சர் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தாள். முன்னால் அதே பழைய லேப்டாப்.

அவர் கார்டை எடுத்தார். "டீச்சர், உங்க பூட்டோட கைரேகையைக் கொஞ்சம் வாசிங்க."

ஏன் என்று கேட்காமல் திரையைப் பார்த்து வாசித்தாள். அவர் கார்டில் விரலை ஓட்டிக்கொண்டே வந்தார். கடைசி எழுத்து வரை பொருந்தியது.

"அப்பம் இது யாருடைய பூட்டு?" என்று போனைக் காட்டினார்.

அதைப் படித்ததும் டீச்சரின் முகம் வெளிறிப்போனது. "என்னோடது இல்ல. இதைப் போட்டு அனுப்புனா வேற எவனோ திறந்துருவான். அனுப்பிட்டீங்களா?"

"இல்ல."

டீச்சர் நாற்காலியில் சாய்ந்து, வாய்விட்டுச் சிரித்தாள். விஷயம் புரிந்ததும் வகுப்பே கைதட்டியது. நயினாரைப் போனில் கூப்பிட்டு அந்தப் பூட்டை அழிக்கச் சொன்னாள். அண்ணாச்சிக்கு டீயும் பஜ்ஜியும் வரவழைத்தாள். பிறகு எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

"உங்களைச் சந்தேகப்பட்டுட்டேன். மனசுல வச்சுக்காதீங்க."

"அந்தப் பிள்ளை அனுப்புனதைத் திறங்க அண்ணாச்சி."

திறக்க அவருடைய பாஸ்வேர்டை, அதாவது நீளமான கடவுத்தொடரைத் தட்ட வேண்டும். அவர் லேப்டாப்பை விரித்ததும் டீச்சர் எழுந்துபோய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டாள்.

அவருக்குச் சிரிப்பு வந்தது. "விஷயமே உங்களுக்குத்தான். நான் தட்டுறதை நீங்க பாத்தா என்ன டீச்சர்?"

அவள் திரும்பவில்லை.

"இவ்வளவு தூரம் என்னைச் சந்தேகப்பட்டு வந்துட்டு, கடைசி நிமிஷத்துல கெடுத்துராதீங்க அண்ணாச்சி. தட்டுங்க."