பதினேழாவது ரூபாய்

அன்று சாராள் டீச்சர் வீட்டு முன்னறையில் இருந்தவர்கள் மூன்று பேர். பழைய காசுகளுக்கு விலை மதித்துச் சொல்லும் டீச்சர், வயது நாற்பத்தொன்று. அவரிடம் மூன்று வருஷமாகப் பாடம் கேட்கும் மூக்காண்டி, வயது அறுபத்துநாலு. முன்பு வெள்ளிக்கடையில் எடை போட்டவர். காசுக்குச் சொந்தக்காரி கோமு. பூனையைச் சேர்த்தால் நாலு.

"மூணு வருஷத்துல ஒரு காசுக்காவது என்னை விலை சொல்ல விட்டீங்களா, டீச்சர்?" என்றார் மூக்காண்டி.

"இன்னிக்குச் சொல்லுங்க, அண்ணாச்சி."

கோமு குறுக்கே வந்தாள். "எப்படியாவது நல்ல விலையாச் சொல்லுங்க. எங்க வீட்டுக்காரவுகளுக்குக் காது மெஷின் வாங்கணும். ரெண்டு வருஷமா நான் கூப்பிடுறது கேக்கல."

"கவலைப்படாத தாயி."

முந்தின நாள் கோமு மூக்காண்டியிடம் ஒரு காசு முடிச்சை விட்டுப்போயிருந்தாள். அவர் அதை மேசைமேல் வைத்து அவிழ்த்தார்.

ராணி தலை போட்ட வெள்ளி ரூபாய்கள். மொத்தம் பதினேழு.

பதினாறு மின்னின. ஒன்று கறுத்துக் கிடந்தது.

"யாத்தாடி, இது என் காசா!" என்றாள் கோமு.

மூக்காண்டிக்குக் கூச்சமும் பெருமையுமாக இருந்தது. "திருநீறு போட்டுத் தேய்ச்சேன். காசுக்கு நூறு தேய்ப்பு, எண்ணித்தான். பதினாறோட திருநீறு தீந்துபோச்சு. இந்த ஒண்ணு அழுக்காவே நின்னுபோச்சு, மன்னிக்கணும்."

டீச்சர் பூதக்கண்ணாடியை எடுத்தார். மின்னும் காசு ஒன்றைப் பார்த்தார். ராணியின் மூக்கு நுனி மழுங்கியிருந்தது.

"இந்தக் கறுப்புக் காசுக்கு என்ன வயசு, அண்ணாச்சி?"

"ஆயிரத்து எண்ணூத்தி எண்பத்தஞ்சாம் வருஷத்துக் காசு. நூத்தி நாப்பது ஆகுது."

"இந்த வெள்ளைக்கு?"

"அதேதான். எல்லாம் ஒரே வருஷம்."

"இல்ல. இது நேத்துப் பொறந்தது."

மூக்காண்டி சிரித்தார். டீச்சர் சிரிக்கவில்லை.

பதினாறையும் அள்ளித் தராசுத் தட்டில் கொட்டினார்.

இந்த மூன்று வருஷத்தில் டீச்சர் ஒரு காசைக்கூடத் தராசில் வைத்து விலை சொன்னதில்லை. ஆனால் அந்தச் சத்தம் மூக்காண்டிக்குத் தெரியும். உருக்கப் போகிற பழைய கொலுசு தட்டில் விழும் சத்தம். தேய்த்ததில் காசின் பழமை போய்விட்டது, இனி வெள்ளி எடைக்குத்தான் விலை.

அவர் சிரிப்பு நின்றது.

"ரெண்டு காதுக்கும் ஆகுமா?" என்றாள் கோமு.

டீச்சர் மூக்காண்டியைப் பார்த்தார். இன்று விலை சொல்ல வேண்டியவர் அவர்தான்.

"ஆகும் தாயி," என்றார் மூக்காண்டி. அவர் குரல் இறங்கிவிட்டது. "நேத்தா இருந்தா ஆகும்."

"இன்னிக்கு?"

"ஒரு காதுக்கு."

கோமு முடிச்சுத் துணியை மடித்தாள்.

"போகட்டும் அண்ணாச்சி. கூப்பிடுறது நான் ஒருத்திதானே."

இதற்குப் பதில் அவள் திட்டியிருக்கலாம் என்று இருந்தது மூக்காண்டிக்கு.

கறுத்த காசைக் கையில் எடுத்தார். கட்டைவிரல் தானாகவே ராணியின் முகத்துக்குப் போயிற்று. பாதி வழியில் நின்றது. பிறகு இரண்டு விரலால் காசின் ஓரத்தை மட்டும் பிடித்துக்கொண்டார்.

டீச்சர் பூதக்கண்ணாடியை அவர் பக்கமாக நகர்த்தி வைத்தார்.

"எத்தனை காசுக்கு விலை சொல்லணும், அண்ணாச்சி?"

மூக்காண்டி தட்டைப் பார்த்தார். கையைப் பார்த்தார்.

"ஒண்ணு, டீச்சர்."