சவ்வைத் தாண்டாதது

பள்ளியில் வேதியியல் நடத்திய பொற்கொடி, கணவர் இறந்தபின் ஆராய்ச்சி செய்ய வந்தாள். வழிகாட்டி நசீரா அவளைவிடப் பதினைந்து வயது சின்னவள். ஒருத்தி ‘மேடம்’ என்பாள், மற்றவள் ‘அக்கா’ என்பாள். இரண்டு பேருக்கும் அது பழகிப்போயிருந்தது.

மாதுளைத் தோலை ஊறவைத்த சாற்றை, மெல்லிய சவ்வு ஒன்றின் வழியே அழுத்தி, அதிலிருக்கும் ஆன்டிஆக்ஸிடன்ட்டைத் தனியே பிரிக்க வேண்டும். அதுதான் அவர்கள் வேலை.

அன்றுதான் பொற்கொடி முதன்முதலாகத் தனியே இயந்திரத்தை ஓட்டினாள். சவ்வைத் தாண்டி வந்த தெளிந்த நீரைப் பத்திரமாக மூடிவைத்தாள். தாண்டாமல் நின்ற பழுப்புச் சாற்றைக் கொட்டுவதற்குத் தொட்டியடிக்குக் கொண்டுபோனாள்.

நசீரா ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அக்கா, என்ன பண்றீங்க?”

“நின்னுபோனது சக்கைதானே மேடம்?”

“காபி டிகாக்‌ஷன்னு நெனச்சீங்களா?”

பொற்கொடி நாக்கைக் கடித்துக்கொண்டாள். பாவம், வேதியியல் எல்லாம் படித்தவள்தான்.

“காலம்பூரா அவருக்கு டிகாக்‌ஷன் எறக்குன கை மேடம். எறங்குனதுதான் சரக்குன்னு பழகிருச்சு.”

சொல்லிவிட்டுச் சாற்றுப் பாத்திரத்தை மேசைமேல் வைத்தாள்.

“ஒண்ணு கேக்கவா? அவர் போய் வருஷம் திரும்பப்போகுது. எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரல. ‘எங்கண்ணன்மேல உங்களுக்குப் பாசமே இல்லையா அண்ணி’ன்னு நாத்தனார் நேராவே கேட்டுட்டா. எனக்கும் பயமா இருக்கு. இருந்திருந்தா வந்திருக்கணும்ல?”

நசீரா இரண்டு கண்ணாடிக் குழாய்களில் ஊதா நிறக் கரைசலை ஊற்றினாள். ஆன்டிஆக்ஸிடன்ட் பட்டால் அந்த ஊதா வெளுத்துவிடும்.

முதல் குழாயில் தெளிந்த நீரை ஒரு சொட்டு விட்டாள். ஊதா அப்படியே இருந்தது.

“அடுத்ததுல நீங்க விடுங்க.”

பொற்கொடி, கொட்ட இருந்த பழுப்புச் சாற்றிலிருந்து ஒரு சொட்டு எடுத்து விட்டாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஊதா மறைந்து இளமஞ்சள் ஆனது.

“அவ்வளவும் இதுக்குள்ளயா இருந்துச்சு? பின்ன ஏன் மேடம் தாண்டி வரல?”

நசீரா அவள் தோளில் கை வைத்தாள்.

“சாத்துல இருக்குற சர்க்கரை சின்னதுக்கா, தாண்டிரும். இது ரொம்பப் பெருசு. அந்த வழி இதுக்குப் பத்தாது.”

பொற்கொடி அந்தப் பாத்திரத்தை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். வெகுநேரம் கீழே வைக்கவில்லை.